நாத் தடுமாற்றமும் சீனம் பயில்வோரும்

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நமக்கெல்லாம் சிறு வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவன் புதிதாகக் கற்ற மொழியில் தட்டுத் தடுமாறிப் பேசத் தொடங்கினால் மட்டும் இந்த நல்ல பழக்கம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. அவன் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னதுதான் தாமதம், நாலா பக்கமிருந்தும் திருத்தங்கள் பாய்ந்து வருகின்றன. வகுப்பில் ஆசிரியர் பாய்கிறார். விடுதியில் நண்பர்கள் பாய்கிறார்கள். "பிழையைத் திருத்துவது நல்ல காரியந்தானே, இதில் என்ன குற்றம் கண்டீர்?" என்று வாசகர் கேட்கலாம். குற்றம் இருக்கிறது என்பதே என் கட்சி. பேசுகிறவன் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் அந்தச் சில கணங்கள் மொழி கற்பதில் விலைமதிப்புள்ளவை. அவற்றை நாம் பறித்துக்கொள்கிறோம். அதே சமயம், எந்தப் பிழையை அவனால் தானே திருத்திக்கொள்ள முடியாதோ அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம். செய்ய வேண்டியதற்கு நேர் தலைகீழ். இதைச் சீன மொழி பயில்வோரை முன்னிறுத்திச் சொல்ல விழைகிறேன்.

ஆங்கிலத் துறைக்காரனுக்குச் சீனத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் சிரிப்பார்கள். டில்லியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாளில் இரண்டு ஆண்டுகள் மாலை நேரச் சீன வகுப்புக்குப் போனேன். இந்தியாவில் சீனம் படிப்பது ஒன்றும் புதுமையன்று. தாகூரின் சாந்திநிகேதனில் 1937-ஆம் ஆண்டிலேயே சீன பவனம் திறந்தாயிற்று. தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞர் அதை வளர்த்தார். எங்கள் வகுப்பு அத்தகைய பெருமை எதுவும் இல்லாதது. இந்திக்காரர்கள் சிலர், வங்காளிகள் இருவர், ஒரு மலையாளி, நான் என்று பன்னிரண்டு பேர். பீக்கிங்கில் பிறந்த ஓர் அம்மையார் பாடம் நடத்தினார். சீனத்தில் ஆசிரியரை 'லாவ்ஷ்' என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். நான் எவ்வளவு சீனம் கற்றேன் என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். விலை கேட்கவும் வழி கேட்கவும் வரும். ஆனால் பன்னிரண்டு பேர் எப்படித் தவறு செய்கிறார்கள், எப்படித் தம்மைத் தாமே திருத்திக்கொள்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகள் காது கொடுத்துக் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அவற்றைக் குறித்தும் வைத்தேன். பாடத்தைவிட அதில்தான் எனக்குச் சுவை அதிகம்.

சீனம் என்று நான் சொல்வது மாண்டரின் என்னும் பொதுமொழியை. அதில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி உண்டு. முதல் தொனி உயரத்தில் சமமாக நிற்கும், இரண்டாவது மேலேறும், மூன்றாவது தாழ்ந்து பிறகு எழும், நான்காவது மேலிருந்து சடாரென்று விழும். இவை தவிர, தொனி மங்கிய மெல்லசையும் உண்டு. 'மா' என்பதை முதல் தொனியில் சொன்னால் அம்மா, இரண்டாவதில் சணல், மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுதல். பாடநூல்கள் எல்லாவற்றிலும் தேய்ந்துபோன எடுத்துக்காட்டு இது. உண்மையில் அம்மா சமைத்தாள் என்று சொல்ல வந்தவனை, குதிரை சமைத்ததாக யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, சூழ்நிலை காப்பாற்றிவிடும். தொல்லை தருபவை வேறு. 'மாய்' என்பது மூன்றாம் தொனியில் வாங்குதல், நான்காம் தொனியில் விற்றல். கடையில் நின்றுகொண்டு இதைக் குழப்பினால் சூழ்நிலையும் கைவிட்டுவிடும். 'ச்சிங் வென்' என்று தொடங்கினால் 'ஒன்று கேட்கலாமா?' என்று பணிவாகக் கேட்பதாகும். அந்த 'வென்' நான்காம் தொனியிலிருந்து மூன்றாவதுக்கு நழுவினால் 'முத்தம் கொடுங்கள்' என்றாகிவிடும். வழி கேட்கப் போகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சீன மொழியியலார் யுவென் ரென் சாவ் 1930-ஆம் ஆண்டில் இந்தத் தொனிகளை எண்களால் குறிக்க ஒரு முறை வகுத்தார். குரலின் தாழ்ந்த நிலை ஒன்று, உயர்ந்த நிலை ஐந்து என்று வைத்துக்கொண்டால், முதல் தொனி 55, இரண்டாவது 35, மூன்றாவது 214, நான்காவது 51. அவர் இசையமைப்பாளரும்கூட என்பதை அறிந்தால் இந்த முறையில் ஒரு சுர வாசனை வீசுவதில் வியப்பில்லை. பெர்ட்ரண்ட் ரஸல் 1920-இல் சீனத்துக்குச் சென்றபோது இவர்தாம் மொழிபெயர்ப்பாளர். காது நல்ல காதாக அமைந்தால் நாக்கு பின்னாலேயே வரும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. நம் போன்றோர்க்கு அந்தக் காது வாய்க்கவில்லை. இங்கேதான் கதை தொடங்குகிறது.

முயலைப் பற்றிய ஒரு சிறு பாடம் எங்களுக்கு வந்தது. அதைச் சொந்த நடையில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'முயல் ஓடிவிட்டது' என்று சொல்ல எழுந்தேன். சீனத்தில் முயலுக்கும் வயிற்றுக்கும் ஓடுவதற்கும் நிறைவதற்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. முயல் என்ற சொல்லின் முதலெழுத்தில் மூச்சை வேகமாக வெளிவிட வேண்டும். விடாவிட்டால் அது வயிறு. ஓடுதல் என்ற 'பாவ்' மூச்சொலியோடு வர வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் வயிறு நிறைதல். தொனிகள் இரண்டுக்கும் ஒன்றே. நம் தமிழில் இந்த மூச்சு வேறுபாடு இல்லை. 'த'வும் 'ப'வும் நமக்கு ஒன்றுதான். ஆகவே நான் கம்பீரமாக எழுந்து, 'வயிறு நிறைந்துவிட்டது' என்று முழங்கினேன். "முயலை நீதான் சாப்பிட்டாயா?" என்றார் லாவ்ஷ். வகுப்பு சிரித்தது. என்ன தவறு என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன், மறுபடியும் வயிறு நிறைந்தது. மூன்றாம் முறை இன்னும் உரக்கச் சொன்னேன். மொழியைக் கற்பதில் நமக்குள்ள மூடநம்பிக்கைகளுள் ஒன்று, உரக்கச் சொன்னால் சரியாகிவிடும் என்பது. பக்கத்திலிருந்த இந்திக்கார நண்பன் ஒரே முறையில் முயலை ஓட விட்டான். அவன் தாய்மொழியில் மூச்செழுத்துகள் தனியாக உண்டு அல்லவா?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தும் நான் என்னைத் திருத்திக்கொள்ளவில்லை. சோம்பலால் அன்று, என் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. கேளாத பிழையை யார்தான் திருத்த முடியும்?

ஆனால் வேறு வகைப் பிழைகளில் நாங்கள் எல்லோரும் மின்னல் வேகத்தில் எங்களைத் திருத்திக்கொண்டோம். சீனத்தில் இடத்தைக் குறிக்கும் சொல் வினைக்கு முன்னால் வர வேண்டும். 'நான் நூலகத்தில் படிக்கிறேன் புத்தகம்' என்பது சீன வரிசை. எங்களில் அனைவரும் தாய்மொழியில் 'நூலகத்தில்' என்பதை வினைக்கு முன்னே சொல்லிப் பழகியவர்களே. இருந்தும் வாய் திறந்தவுடன் ஆங்கிலத்தின் வழியே சிந்தித்து, 'நான் படிக்கிறேன் புத்தகம்' என்று பாதி தூரம் ஓடிவிடுவோம். அங்கே ஒரு நிறுத்தம். 'பூ ஷ்' (அல்ல அல்ல) என்ற முணுமுணுப்பு. பிறகு 'நான்' என்பதிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லி முடிப்போம். இதில் யாரும் எங்களுக்கு உதவவில்லை. உதவி தேவையும் படவில்லை. விதி மனத்தில் இருந்தது, நாக்கு முந்திக்கொண்டது, மனம் பின்னால் வந்து பிடித்தது. அவ்வளவுதான்.

இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறேன். சீனத்தில் 'ஒரு புத்தகம்' என்று நேரே சொல்லிவிட முடியாது. நாம் ஒரு கட்டுக் கீரை, ஒரு முழம் பூ என்கிறோமே, அதுபோல அங்கே எந்தப் பொருளை எண்ணினாலும் இடையில் ஓர் அளவைச் சொல் வேண்டும். புத்தகத்துக்கு 'பென்', மேசை, தாள், பயணச்சீட்டு போன்ற தட்டையானவற்றுக்கு 'ஜாங்', மீன், ஆறு, சாலை போன்ற நீண்டவற்றுக்கு 'தியாவ்', குடை, கத்தி போன்று கையால் பிடிக்கும்படி இருப்பனவற்றுக்கு 'பா'. எதுவும் நினைவுக்கு வராதவன் 'க' என்ற பொதுச்சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்வான். எங்கள் வகுப்பு முழுவதும் அந்தக் 'க'வின் புண்ணியத்தில்தான் ஓடியது.

இதில் ஒரு சிக்கல். 'ஒன்று' என்னும் 'யீ' தனித்து நிற்கும்போது முதல் தொனி. நான்காம் தொனிச் சொல் ஒன்று பின்னால் வந்தால் அது இரண்டாம் தொனியாக மாறிவிடும். மற்றத் தொனிகள் வந்தால் நான்காம் தொனியாக மாறும். 'யீ க' என்பதில் உள்ள 'யீ' மேலேறும். 'யீ பென்' என்பதில் உள்ள 'யீ' கீழே விழும். இப்போது பாருங்கள். ஒருவன் புத்தகத்தை 'யீ க' என்று சொல்லிவிட்டுத் தவறை உணர்ந்து, 'பென்' என்று மட்டும் ஒட்டுப் போட்டால், அவன் அளவைச் சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறான். பழைய 'யீ' பழைய தொனியிலேயே கிடக்கிறது. இன்னொருவன் 'யீ க…' என்று நிறுத்தி, திரும்பப் போய், 'யீ பென் ஷூ' என்று 'யீ'யையும் புதிய தொனியில் சொல்கிறான். இரண்டாமவன் மனத்தில் 'ஒரு-பென்-புத்தகம்' என்பது ஒரே கட்டாக இருக்கிறது. முதலாண்டில் நாங்கள் ஒட்டுப் போட்டோம். இரண்டாமாண்டின் இறுதியில் எங்களில் சிலர் திரும்பப் போய் எடுத்து வரத் தொடங்கினோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தத் தேர்வுத்தாளும் இந்த முன்னேற்றத்தை அளக்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் அந்தத் தடுமாற்றம் ஒரு குறையாகவே பதிந்திருக்கும். ஒரு மாணவன் எங்கே நின்று, எதுவரை திரும்பிப் போய், எதிலிருந்து மறுபடி தொடங்குகிறான் என்று கவனித்தால் அவன் எவ்வளவு மொழி கற்றிருக்கிறான் என்று சொல்லிவிடலாம் என்பது என் துணிபு.

மொழியியலார் இதைத் தனித்துறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்து அறிஞர் லெவல்ட் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் புள்ளிகள் வரைந்த படங்களைச் சிலருக்குக் காட்டி, அவர்கள் தாய்மொழியிலேயே வருணிக்கச் சொல்லி, இடையில் அவர்கள் செய்துகொண்ட 959 திருத்தங்களை வகைப்படுத்தினார். பேசுகிறவன் தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். பிழையைக் கண்டதும் நிறுத்துகிறான். 'அல்ல' என்பதுபோல் ஏதோ ஓர் ஒலியை எழுப்புகிறான். பிறகு சரியானதைச் சொல்கிறான். இதுதான் அவர் காட்டிய வழிமுறை. தாய்மொழியிலும்கூட மனிதன் தன் தவறுகள் எல்லாவற்றையும் பிடித்துவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதே தெரியாமல் நடந்து போகும் ஆனைகளும் உண்டு.

அதற்கு முன்பே, 1977-இல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் அன்றாட உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். என் கட்சிக்கு அது பெருந்துணை. சாதாரணப் பேச்சில் ஒருவன் பிழை செய்தால் கேட்பவன் உடனே திருத்துவது மிகக் குறைவு. பேசியவன் முடிக்கும் வரை பொறுத்து, அதற்குமேலும் ஒரு கணம் பொறுத்து, அவனே திருத்திக்கொள்ள வாய்ப்புத் தருகிறான். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. மனிதர்கள் தாமாகவே கடைப்பிடிக்கிறார்கள். பிறர் திருத்துவது மிகுதியாகக் காணப்படும் இடம் ஒன்றை அவர்கள் குறிப்பிட்டார்கள்: பெரியவர்கள் குழந்தைகளோடு பேசும் இடம். வயது வந்த மாணவன் வாய் திறந்தவுடன் பாய்ந்து திருத்தும்போது நாம் அவனை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பது இதிலிருந்து தெரிகிறது. அவனுக்கும் அது தெரிந்துவிடுகிறது.

எங்கள் லாவ்ஷ் பாயவில்லை. அதுதான் அவரிடம் நான் கண்ட பெரிய குணம். மாணவன் தடுமாறும்போது மேசை மேலிருந்த சுண்ணாம்புக் கட்டியை உருட்டிக்கொண்டே சும்மா இருப்பார். அந்த அமைதி முதலில் எங்களுக்குப் பெரும் வேதனையாக இருந்தது. அதை நிரப்ப நாங்கள் 'சாரி, சாரி' என்று ஆங்கிலத்தில் குழறுவோம். அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "தடுமாறுவதானால் சீனத்திலேயே தடுமாறுங்கள்" என்பார். சீனர்கள் சொல் தேடும்போது 'நேய்க, நேய்க' என்பார்கள். அதற்கு 'அந்த, அந்த' என்று பொருள். நாம் 'அது வந்து… அந்த…' என்று இழுப்பதில்லையா? சுட்டுச் சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடுவதில் அவர்களும் நாமும் ஒன்று. 'பூ ஷ்', 'பூ துவேய்' (சரியன்று), 'வோ ஷுவோ ட்ஸுவோ ல' (தவறாகச் சொல்லிவிட்டேன்) என்பவற்றையும் முதல் மாதத்திலேயே எழுதிப் போட்டார். எந்தப் பாடநூலிலும் இவற்றை முதல் பாடமாக நான் கண்டதில்லை. வைத்திருக்க வேண்டும். 'நேய்க' கைவந்த பிறகு எங்கள் நிறுத்தங்கள் மௌனமாக இல்லாமல் பேச்சாகவே ஆயின, கேட்பவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். மூத்த பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பிழையை அப்படியே விட்டால் அது கல்லாய்ச் சமைந்துவிடும். பிறகு உளி வைத்தாலும் பெயராது" என்றார். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. செலிங்கர் என்ற அறிஞர் 1972-இல் இதைத்தான் எழுதினார்: பயில்வோர் பலரின் மொழியில் சில பிழைகள் உறைந்து, எத்தனை ஆண்டு பயின்றாலும் மாறாமல் நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் பீக்கிங்கில் வாழ்ந்தும் இரண்டாம் தொனியையும் மூன்றாம் தொனியையும் பிரிக்க வராத வெளிநாட்டார் உண்டு. இந்த இரண்டும்தான் அவர்களை மிகுதியாகக் குழப்புவன.

ஆனால் எந்தப் பிழை கல்லாகிறது என்று கேட்க வேண்டாமா? கார்டர் என்ற ஆங்கில அறிஞர் 1967-இலேயே இரண்டைப் பிரித்துக் காட்டினார். தெரிந்திருந்தும் நாக்கு தவறுவது ஒன்று. மனத்தில் உள்ள விதியே கோணலாக இருப்பது மற்றொன்று. முதலாவதைச் சறுக்கல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதைப் பிழை என்போம். சறுக்கியவன் தானே எழுவான். பிழை செய்தவன் தான் விழுந்ததையே அறியமாட்டான். கல்லாகும் அச்சம் இரண்டாமவனைப் பற்றியது. நடைமுறையிலோ நாம் முதலாமவன் மீது பாய்கிறோம், ஏனெனில் அவன் பிழை நம் காதில் எளிதில் படுகிறது. வரிசை மாறிய சொல்லைத் திருத்துவது நமக்கும் எளிது. தொனியும் மூச்சும் கெட்டால், "பொருள் விளங்குகிறதே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். சீனம் கற்பிக்கும் இடங்களில் நான் கண்ட குறை இதுவே. எங்கள் லாவ்ஷும் இதற்கு விலக்கன்று. என் முயல் அன்றைக்கு மூன்று முறை வயிறாகிய பின், "சரி, உட்கார்" என்றுதான் சொன்னார்.

தொனியைத் திருத்த வேண்டுமானால் நாக்கைத் திருத்திப் பயனில்லை. காதைத் திருத்த வேண்டும். இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் சீனம் பயின்ற மாணவர்களுக்கு இரண்டு வாரங்களில் எட்டு முறை, பல குரல்களில் பதிந்த தொனிகளைக் கேட்டு இனங்காணும் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களின் இனங்காணும் திறன் 21 விழுக்காடு உயர்ந்தது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. அதே ஆய்வாளர்கள் 2003-இல் காட்டியது இன்னும் சுவையானது: கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள் பேசுவதிலும் முன்னேறியிருந்தார்கள். காது திறந்ததும், நாக்கை யாரும் தொடாமலே, அது தன்னைத் திருத்திக்கொண்டது.

எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. அந்த இந்திக்கார நண்பன் விடுதியில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை என் வாய்க்கு முன்னே தூக்கிப் பிடித்து, அது பறந்தால் முயல், பறக்காவிட்டால் வயிறு என்றான். மெழுகுவத்திச் சுடரை வைத்தும் இதைச் செய்வதுண்டு. ஒரு வாரம் காகிதத்தை ஊதியபின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு மெல்லக் காதிலும் விழுந்தது. அதன்பின் வகுப்பில் ஒரு நாள் ஓடுதல் என்று சொல்ல வந்து மூச்சை விட மறந்தேன். நானே நிறுத்தினேன். 'நேய்க… பூ ஷ்' என்றேன். மூச்சோடு சொன்னேன். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைப் பின்னர்ப் பட்டம் வாங்கியபோதும் அடையவில்லை. லாவ்ஷ் ஒன்றும் சொல்லாமல் சுண்ணாம்புக் கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

தன்னைத் தானே திருத்துவதும் அளவு மீறினால் தீங்குதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் 1979-இல் மாண்டரின் பேசுவோம் என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது. ஹொக்கியன், தியோசூ, கண்டோனியம் முதலியவற்றை வீட்டில் பேசிய சீனர்களையே மாண்டரினுக்குத் திருப்புவது அதன் நோக்கம். அதாவது சீனர்களே சீனம் பயில்வோர் ஆனார்கள். தென்சீன வழக்குகளைப் பேசுவோர் பலருக்கு நாக்கை மடக்கிச் சொல்லும் 'ஷ' வராது, 'ஸ' என்பார்கள். 'நான்கு' என்பதும் 'பத்து' என்பதும் அவர்கள் வாயில் நெருங்கிவிடும். கடையில் விலை சொல்லும்போது விரலையும் சேர்த்துக் காட்டுவது நல்லது. இவர்களுள் திருத்தமாகப் பேச முனைபவர் சிலர், 'ஸ' வரவேண்டிய இடத்திலும் 'ஷ' போட்டுவிடுவார்கள். நம் மேடைகளிலும் ழகரத்தின் மீது பற்று மிகுந்து, ளகரம் வரவேண்டிய இடத்திலும் அதையே முழங்குவோரைக் கேட்டதில்லையா? அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. எப்போதோ யாரோ பலர் முன்னிலையில் திருத்தியதன் தழும்பு அது என்றே எனக்குப் படுகிறது. இடையே சொல்கிறேன், மாண்டரினில் பிறருக்கெல்லாம் கடினமான ஓர் ஒலி நம் ழகரத்துக்கு மிக அண்மையில் உள்ளது. அந்த ஓர் எழுத்தில் மட்டும் வகுப்பில் எனக்கும் மலையாளி நண்பருக்கும் முதலிடம்.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். நம் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் பயின்று வந்தவர்கள். ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் வியர்த்துவிடுகிறது. நான் பாய்கிறவனாகத்தான் பல ஆண்டுகள் இருந்தேன். முதலாண்டு மாணவி ஒருத்தி, 'அவள் போ…' என்று ஆங்கிலத்தில் வினையைத் தொடங்கியதுமே அதற்குரிய விகுதியை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் கண்ணில் ஓர் ஏமாற்றம் தோன்றியது. அந்த விகுதி அவளுக்குத் தெரியும். நாக்கின் நுனியில் இருந்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவளாக எழுந்து ஒரு வாக்கியமும் சொல்லவில்லை. அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1974-இல் எழுதினார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, சிறந்தன. கனடாவில் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்த லிஸ்டர், ரான்டா என்பவர்கள் 1997-இல் கூறியதும் இதை ஒட்டியதே. ஆசிரியர் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிவிடுவதுதான் வகுப்பில் மிகுதியாக நடக்கிறது. மாணவனைத் தானே திருத்திக்கொள்ளத் தூண்டுவதில் அதுவே மிகவும் பயன் குறைந்தது. "என்ன, மறுபடி சொல்" என்று கேட்பது அதைவிட மேல்.

மூன்று விநாடி என்பது சொல்லும்போது சிறிது. ஐம்பது பேர் பார்த்திருக்க நின்றுகொண்டிருக்கும்போது மிகப் பெரிது. நான் இப்போது மனத்துக்குள் எண்ணுகிறேன். சில நாள் இரண்டிலேயே வாய் திறந்துவிடுகிறேன்.

டில்லி வகுப்பில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனப் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். அதனால் ஆங்கிலம் பேசும் சீனர்கள் 'ஹி' என்பதையும் 'ஷி' என்பதையும் அடிக்கடி மாற்றிவிடுவார்கள். லாவ்ஷ் எப்போதாவது எங்களுக்காக ஆங்கிலத்தில் பேசுவார். அவ்வாண்டு சீனப் புத்தாண்டு நெருங்கிய மாலையில், தம் தாயார் விடிய விடிய உட்கார்ந்து கொழுக்கட்டை போன்ற ஜியாவ்ட்ஸ் பிடிப்பதைச் சொல்லத் தொடங்கினார். அவர் ஊரை விட்டு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 'என் அம்மா, ஹி…' என்று சொல்லி ஒரு கணம் நின்றார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் 'ஷி!' என்று கத்தினோம். எத்தனையோ மாதங்கள் எங்களுக்காகச் சுண்ணாம்புக் கட்டியை உருட்டிக்கொண்டிருந்தவர். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கதையின் மீதியைச் சீனத்திலேயே சொல்லி முடித்தார். எங்களில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை.